திருப்பிப் போட்ட அட்டை

ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்தான். ஆனால் உன் நலத்தை நீயே வாரம் தவறாமல் போனில் சொல்லிவிடுகிறாயே. என் ஆவல் நீ சொல்வதைப் பற்றியதல்ல, சொல்லாததைப் பற்றியது.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு கேள்வி கேட்டால் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்கிறாய். சரி, போனிலேயே எழுதி அனுப்பலாம் என்றால் எனக்கு வருவதையெல்லாம் எனக்கு முன்னால் உன் தங்கை படித்துவிடுகிறாள். அதனால்தான் இந்த ஏற்பாடு. நம் தெரு இஸ்திரிக்காரரின் தம்பி உன் ஊரில்தான் டிரைவராக இருக்கிறார். லீவு முடிந்து விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டிய இடத்தில் குறுக்காக என் கையெழுத்து இருக்கும். கோடு விலகியிருந்தால் சொல். தங்கமான மனிதர்தான், இருந்தாலும் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவன் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் வேலையில் ஒரு வாரம் நிற்க முடியாது. கடிதத்தைக் கொடுப்பது தவிர வேறு எந்த வேலையும் அவருக்கு நான் சொல்லவில்லை.

வீட்டு விஷயம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு வாஷர் மாற்றினேன் என்கிறார். பழைய வாஷரைக் காட்டுங்கள் என்றேன். அன்றிலிருந்து நம் தெருப் பக்கமே அவர் வருவதில்லை. தெருவில் எனக்குச் சந்தேகசாமி என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் தங்கை நர்சிங் பரீட்சையில் தேறிவிட்டாள். தெரிந்த செய்திதான். அடுத்தது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. உன்னை அனுப்பிவைத்த அதே ஏஜென்ட், நீ பெயர் வைத்தாயே, சென்ட் பாட்டில், அவன் இப்போது வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான். போன பிறகும் அரை நாள் கூடத்தில் நிற்கிற அதே வாசனை. உன் ஆஸ்பத்திரியிலேயே சின்னவளுக்கும் இடம் இருக்கிறதாம். அக்காவும் தங்கையும் ஒரே வார்டில் வேலை பார்க்கலாமாம். உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் ஆபீஸ் சுவரில், வெள்ளை யூனிபார்மில் நீ சிரிக்கிற படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறான். வருகிறவர்களிடம் அதைக் காட்டித்தான் பேச்சையே தொடங்குகிறான் என்று கேள்வி.

இந்த நேரத்தில்தான் நீ போனில் "அவள அனுப்பாதீங்க, இங்கயே வேலை பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்று முடித்துவிட்டாய். உன் தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அக்காவுக்கு நான் முன்னேறுறது பிடிக்கல" என்று அழுதாள். உன் அம்மாவும், "பொறாமைதான், வேற என்ன? கூடப்பிறந்தவளாச்சே, கூட்டிட்டுப் போகணும்னு தோணணுமில்ல?" என்கிறாள். தன் தட்டில் இருப்பதைத் தங்கைக்குத் தள்ளிவிட்டே வளர்ந்த பெண்ணுக்கு, கடல் தாண்டியதும் பொறாமை முளைக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. நெருப்பில்லாமல் புகையாது, ஆனால் இது பொறாமை நெருப்பு இல்லை.

அதனால் நீ அனுப்பிய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி என்று நீ அனுப்பியதில் எல்லாமே ஒரே சுவர். அது போகட்டும். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை ஒவ்வொரு படத்திலும் திரும்பியிருக்கிறது. பெயரும் முகமும் உள்ளே, வெறும் முதுகு வெளியே. ஒரு படத்தில் திரும்பியிருந்தால் காற்று. எல்லாப் படத்திலும் திரும்பியிருந்தால் அது காற்று இல்லை, கை. காலாவதியான பாஸை நீட்டுகிறவன் தேதி இருக்கிற இடத்தில்தான் கட்டைவிரலை வைத்திருப்பான். அந்தக் கட்டைவிரலை விலக்கச் சொல்லிச் சொல்லியே நான் சம்பளம் வாங்கினேன். யூனிபார்மும் உன் தோளில் நிற்கவில்லை, சரிகிறது. உன் அளவுக்குத் தைத்தது அல்ல அது.

இன்னொன்று. போன மாதம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாயே, ஞாபகமிருக்கிறதா? "அப்பா, கன்னம் தொங்கினவங்களுக்கு வெட்டுப்படாம எப்படி ஷேவ் பண்றது?" என்று. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு ஆள் இருக்கமாட்டார்களா? என் மகள் யார் முகத்தைச் சவரம் செய்கிறாள்? நீ பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து ஒரு மணி அடிக்கிறது. உடனே குரலைத் தாழ்த்தி "வைக்கிறேம்ப்பா" என்று ஓடுகிறாய்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். யாரோடாவது குடும்பம் நடத்துகிறாயா? வயதானவனா? தங்கை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் தடுக்கிறாயா? அப்படியிருந்தால் சொல்லிவிடு. நான் தாங்கிக்கொள்வேன், உன் அம்மாவையும் தாங்கவைக்கிறேன். மறைத்தால்தான் எனக்குத் தாங்காது.

சின்னவளின் பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்களையும் வாங்கிப்போக அடுத்த மாதம் சென்ட் பாட்டில் வருகிறான். அதற்குள் பதில் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உண்மையை எதிர்பார்க்கும்,
அப்பா


வியாழக்கிழமை

மகளுக்கு,

கடிதம் கிடைத்ததா என்று கேட்கப்போவதில்லை. கிடைத்தது எனக்குத் தெரியும். மறுநாளே நீ வீடியோவில் கூப்பிட்டு, கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வார்டில் கூட்டம், டாக்டர் கோபக்காரர், நைட் டியூட்டி மாறிவிட்டது என்று அரை மணி நேரம் அம்மாவிடம் கதை சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஏதோ ஜன்னல் இருக்கிறது போலிருக்கிறது, அதையே பார்த்துப் பேசினாய்.

பஸ்ஸில் நான் ஏறியதும் டிக்கெட் இருப்பவன் என்னைப் பார்ப்பான், இல்லாதவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். அதுவரை அவன் கண்ணில் படாத மரமும் கடையும் திடீரென்று அவனுக்கு அழகாகத் தெரியும். நேராக அவனிடம்தான் போவேன். தப்பியதில்லை.

இப்போது என் பக்கத்துப் பொய்யையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் தம்பிக்குக் கடிதத்தோடு ஒரு வேலையும் சொல்லித்தான் அனுப்பினேன். உன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுக்கும் முன், ஆஸ்பத்திரி வரவேற்பில் உன் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கடிதம் கொடுத்த அன்று காலையில் போன் செய்தார். "அண்ணே, அப்படி ஒரு நர்சு இங்க இல்லையாம். கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டாங்க" என்றார். சாயங்காலம் உன்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் போன். நான் வாயைத் திறக்கும் முன்பே "பாப்பா நல்லாருக்காங்கண்ணே, ரொம்ப நல்லாருக்காங்க. நான்தான் காலைல வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்" என்றார். பஸ்ஸில் ஏறியவுடன் கேட்காமலே "எல்லாருக்கும் டிக்கெட் போட்டாச்சு சார்" என்கிற கண்டக்டரின் பையைத்தான் நான் முதலில் வாங்குவேன். அவரை விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் பாவம், அழாத குறையாக, "பாப்பா கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க, கேக்காதீங்கண்ணே. ஆனா சின்ன பாப்பாவ மட்டும் அனுப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆக, நீ ஆஸ்பத்திரியில் இல்லை. யூனிபார்ம் உன்னுடையதில்லை. அட்டை உன்னுடையதில்லை. அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினாய். உன் அம்மா அதைத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளை நான் என்னவென்று சொல்வது? ஊரெல்லாம் சோதித்தவன் வீட்டிலேயே இப்படி ஒரு பயணி. எனக்கு ஆத்திரமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. ஆத்திரத்தை எழுதுவது சுலபம், அதனால் அதை எழுதுகிறேன்.

நீ எங்கே இருக்கிறாய், யார் வீட்டில், என்ன வேலை? எனக்கு நேராகச் சொல். இல்லையென்றால் சென்ட் பாட்டில் வரும் அன்று சின்னவளை நான் எந்தக் காரணம் சொல்லித் தடுப்பது? காரணம் கேட்டு உன் அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஒன்று, நீ உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லை, எனக்குத் தெரிந்த அரைகுறையை நான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

டிரைவர் தம்பியின் அறை முகவரிக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். அவரிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். உன்னிடம் இருக்கிறேன்.

அப்பா


செவ்வாய்க்கிழமை

என் கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் உறையில் குறுக்குக் கையெழுத்து இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துக்கொள்ளட்டும்.

டிரைவர் தம்பியின் வண்டியில் உட்கார்ந்து அவர் போனில் நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

விமான நிலையத்திலிருந்து உன்னையும் கூட வந்த பெண்களையும் நேராக வேனில் ஏற்றி வீட்டுக்கு ஒருத்தியாக இறக்கிவிட்டார்கள் என்றாய். ஆஸ்பத்திரியில் இடம் காலியாகும்வரைதான் என்றார்களாம். போகும் வழியில் ஒரு கார் ஷெட் சுவரோரம் நிறுத்தி, ஒரே யூனிபார்மையும் ஒரே அட்டையையும் ஒவ்வொருத்திக்கும் மாட்டி, எங்கள் எல்லோருக்கும் அனுப்ப விதவிதமாகப் படம் பிடித்துக் கொடுத்தார்களாம். அட்டையில் இருந்தது எவளோ ஒருத்தியின் முகம், அதனால்தான் திருப்பிப் போட்டார்களாம். நடக்க முடியாத அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டுவதும் சவரம் செய்வதும் மணி அடித்தால் ஓடுவதும் உன் வேலை. உன் பாஸ்போர்ட் அவர் மகன் பீரோவுக்குள். "வயதானவனா?" என்று நான் உன்னைக் கேட்டு எழுதியிருந்தேன். அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் மகளையே ஏமாத்திட்டாங்கன்னு தெருவே சிரிக்குமேப்பா என்றாய். பிறகு, "நான் ஏமாத்தலப்பா, ஏமாந்துட்டேன்" என்றாய்.

அதைக் கேட்டதும் எனக்கு இன்னொரு வகைப் பயணி ஞாபகத்துக்கு வந்தான். முன் கடிதத்தில் நான் சொல்லாத வகை. அவனும் ஜன்னலைத்தான் பார்ப்பான். பிடித்து நிறுத்தினால் "காசு குடுத்துட்டேன் சார், அவர்தான் டிக்கெட் கிழிச்சுத் தரல" என்பான். கண்டக்டர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் தருகிறேன், அப்புறம் தருகிறேன் என்று கடத்தியிருப்பான். ஆனால் பஸ்ஸே திரும்பிப் பார்ப்பது இவனை. அவமானத்தில் தலை குனிந்து, என்னவோ தான்தான் திருடியதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். குற்றம் செய்தவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பான். சந்தேகசாமி என்று பெயர் வாங்கி என்ன பிரயோசனம்? வீடு தேடி வந்த கண்டக்டருக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுத்துவிட்டு, என் பிள்ளையின் கட்டைவிரலை விலக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று சென்ட் பாட்டில் வந்தான். சின்னவளின் பாஸ்போர்ட்டை உன் அம்மா எடுத்துக் கொடுத்தே விட்டாள். அவன் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தேன். உங்கள் சுவரில் என் மகள் படம் இருக்கிறதாமே என்றேன். ஆமாம் சார், நம்ம பெருமையே அவங்கதான் என்று போனை எடுத்துக் காட்டினான். அதே படம். இதில் அட்டை திரும்பியிருக்கிறதே, நேராக இருக்கிற படம் ஒன்று காட்டுங்கள் என்றேன். தேடினான். உன்னை விட்டு மற்றப் பெண்களின் படங்களுக்குப் போனான். எல்லாம் அதே சுவர், அதே யூனிபார்ம், திரும்பிய அட்டை. ஒரே ஒரு பெண்ணின் பெயராவது படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றேன். அவன் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். நம் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும்தான் இருக்கிறது. அதை அப்படிப் பார்த்தான்.

அவன் பைக்குள் நானே கையை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

பிறகு நடந்ததைக் கேட்கவேண்டாம். உன் தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. உன் அம்மா சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். "வந்த சீதேவிய விரட்டிட்டு உக்காந்திருக்காரு, இவரு சந்தேகத்துக்கு ஒரு மருந்து இல்லையே" என்று. நான் உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, நான் அப்படித்தான், சந்தேகப் புத்தி என்று சொல்லி எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். எனக்கு இது பழக்கம்தான். எந்த பஸ்ஸில் ஏறினாலும் வாங்க என்று சொன்னவர் யாருமில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அம்மாவிடம் நீயே சொல். அவள் உன்னைப் பொறாமைக்காரி என்றதை நினைத்து நீ உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பாய். உன் தங்கையைக் காப்பாற்றியது நீ. வைதால் வையட்டும் என்று அவளை விடாமல் தடுத்தாயே, அது போதும்.

அந்தப் பெரியவரை விட்டுவிட்டு எப்படிப்பா வருவது, அவருக்கு என்னைத் தவிர யார் கையிலும் சாப்பிடத் தெரியாது என்றாய். அதுவும் உன் குணம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவரைப் பார்த்துக்கொள்வதில் எந்தக் கேவலமும் இல்லை. நர்ஸுக்குப் படித்தவள் செய்யக்கூடாத வேலையும் இல்லை. கேவலம் உன் பாஸ்போர்ட் இன்னொருவன் பீரோவில் இருப்பதுதான். அங்கேயே இருப்பதா வருவதா என்பதை நீ முடிவு செய். முதலில் கதவு திறந்திருக்க வேண்டும். டிரைவர் தம்பி தூதரகத்துக்குக் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார். அங்கே உன்னைப் போல வந்தவர்களுக்கென்று ஒரு பிரிவு இருப்பதாக விசாரித்திருக்கிறார். அவரோடு போ. அவரை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இங்கே அவன்மேல் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தால் உன் பெயர் வரும், அந்தப் படம் வரும், தெருவுக்கும் தெரியும். உன் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்து எழுதமாட்டேன். ஆனால் அவன் சுவரில் உன் சிரிப்பைக் காட்டி இன்னும் எத்தனை வீட்டில் பாஸ்போர்ட் வாங்குவான் என்று யோசித்துப் பார். தெரு சிரிக்கும் என்று பயப்படாதே. சிரிக்கிறவன் வீட்டு வாசலில் போய் நான் நிற்பேன். நீ காசு கொடுத்து ஏறியவள், கண்ணம்மா. தலை குனிய வேண்டியவள் நீயல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எனக்கு ஒரு படம் அனுப்பு. யூனிபார்ம் வேண்டாம், அட்டை வேண்டாம். வீட்டில் என்ன உடுத்தியிருக்கிறாயோ அது போதும். அந்தப் பெரியவருக்கு நீ சவரம் செய்து முடித்ததும் அவர் பக்கத்தில் நின்று எடுத்து அனுப்பு. நான் சொல்லிக்கொடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்க்காதே. நேராக என்னைப் பார்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. எப்போது வந்தாலும், எப்படி வந்தாலும், கதவைத் தட்டு.

இனி உன்னிடம் டிக்கெட் கேட்காத,
அப்பா